சிக்னல்காரரின் இடது கை

என் வீட்டுக்காரர் அந்தமானில் ஹேடோ துறைமுகத்தில் சிக்னல்காரர். கப்பலின் மேல்தளத்தில், சரக்கறையின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்டுவது அவர் வேலை. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்கு உள்ளே இருக்கும் மூட்டை தெரியாது. இவர் கை மட்டும்தான் தெரியும். விரல் மேலே பார்த்துச் சுழன்றால் தூக்க வேண்டும், கீழே பார்த்துச் சுழன்றால் இறக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள வாயாலும் சொல்வார். 'ஹாபீஸ்' என்றால் தூக்கு, 'ஆரியா' என்றால் இறக்கு. அது எந்த ஊர்ச் சொல் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தமிழர், தெலுங்கர், வங்காளி, ராஞ்சிக்காரர் எல்லோருக்கும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் அது ஒன்றுதான் பொதுப் பேச்சு.

நான் டீச்சர். எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. தினமும் சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறிப் போய் ஃபெர்ரியிலேயே திரும்புவேன். ஒன்றாம் வகுப்புக்கே வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவளுக்குக் குரலில் ஒரு அதட்டல் ஒட்டிக்கொண்டுவிடும். வீட்டிலும் அது போகாது. அதனால்தானோ என்னவோ, அவர் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். நான் ரொம்பக் கத்தினால் 'டீச்சரம்மா' என்று மரியாதை கூடும். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இப்படி ஒரு விளையாட்டு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சுனாமி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நிவாரணக் கப்பல்கள் வரிசையாக வந்த அந்த மாதங்களில் அரிசி, தார்ப்பாய், தகரம் என்று இறங்க இறங்க, அவர் கப்பலில் நின்றபடியே சாப்பிட்டு நின்றபடியே அசந்திருக்கிறார். அப்போது நடந்த ஒரு மருத்துவ முகாமில்தான் ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் மாத்திரை எதற்கு என்பது அவர் கட்சி. நான் ஞாபகப்படுத்தினால் போடுவார், கத்தினால் கட்டாயம் போட மாட்டார்.

அன்று காலையில் அவர் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. "கண்ணு எங்கங்க இருக்கு?" என்று நான் ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வந்தது. சத்தம் கேட்டு மேலே வந்த கீழ் வீட்டு வங்காளி அக்கா, வாசலிலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தீதி, முஹ் டேடா ஹோ கயா," என்றாள். வாய் கோணிவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் நான் அதைச் சிரிப்பு இல்லை என்று பார்த்தேன். "தாதா, தோனோ ஹாத் உட்டாவோ," என்று அவரை இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். இடது கை மேலே போனது. வலது கை பாதியில் தளர்ந்து மடியில் விழுந்தது. ஆட்டோவில் போகும்போது அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் சொல்லாக இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். எழுந்திருக்கும்போதே கால் இழுத்தது போலத்தான் இருந்தது என்றேன். அப்படியென்றால் தூக்கத்திலேயே வந்திருக்கும், எந்த நேரம் என்று தெரியாதபோது அடைப்பைக் கரைக்கிற ஊசி போடுவது ஆபத்து, ரத்தம் கசிந்துவிடும் என்றார். பிறகு மேஜையில் இருந்த காகிதத்தின் பின்பக்கம் ஒரு மூளை படம் போட்டார். அவருக்குப் படம் வரையவே வரவில்லை, என் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் நன்றாகப் போடுவார்கள். ஆனால் சொன்னது புரிந்தது. மூளையின் இடது பக்கத்தில் ஒரு ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. வலது கையையும் காலையும் ஆட்டி வைப்பது இடது பக்க மூளைதான். பேச்சும் பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் இருக்கிறது.

"செத்துப்போன இடம் திரும்ப உயிர் பெறாதும்மா. ஆனா பக்கத்துல இருக்கிற இடம் அந்த வேலையக் கத்துக்கும். அதுக்குத் திரும்பத் திரும்பச் செய்யணும். முதல் சில மாசம் வேகமா வரும், அப்புறம் மெதுவா. ஆனா வராமப் போகாது. பிரஷர் மாத்திரை இனிமே ஆயுசுக்கும்," என்றார்.

திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதுதானே என் பிழைப்பு. அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

அவருக்குப் பேச்சு திரும்பியபோது ஒரே ஒரு சொல்லாகத் திரும்பியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "ஆரியா," என்றார். பசிக்கிறதா என்றால் ஆரியா. வலிக்கிறதா என்றால் ஆரியா. கோபத்தில் சத்தமாக ஆரியா, அழுகையில் இழுத்து ஆரியா. இன்னொரு சொல்லைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறார், வெளியே வருவது இது என்பது அவர் முகத்திலேயே தெரியும். தன் வாயைத் தானே நம்ப முடியாமல் உதட்டைத் தொட்டுப் பார்ப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. சமையல் கட்டுக்குப் போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி கொடுக்க ஒரு மலையாளிப் பெண் வந்தாள். சின்ன வயசு, பெரிய பொறுமை. வலது கையை ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டுவாள், காலை ஊன்ற வைப்பாள், அவர் வலது உள்ளங்கையில் ஈரத் துணியையும் தேங்காய் நாரையும் மாற்றி மாற்றித் தேய்த்து எது எது என்று உணர வைப்பாள். "டீச்சரே, இடது கை நல்லா இருக்குன்னு எல்லாத்தையும் அதுட்ட விட்டுட்டா, வலது கையை மூளை மறந்நு போகும். வலது கையைத்தான் வேலை வாங்கணும்," என்றாள்.

இது எனக்குச் சர்க்கரை சாப்பிடுகிற மாதிரி. இடது கையால் வாங்காதே, இடது கையால் கொடுக்காதே, இடது கையை நீட்டிப் பேசாதே என்று வகுப்பில் நாள் முழுக்கச் சொல்லுகிறவள் நான். எங்கள் வீட்டில் வளர்ந்த வளர்ப்பும் அப்படி. இடது கையால் ஒரு டம்ளர் நீட்டிவிட்டால் அப்பா வாங்க மாட்டார். ஆகவே அவர் இடது கை எழும்பும் போதெல்லாம் நான் அதைப் பிடித்துக் கீழே வைத்தேன். "ம்ம், இது இல்ல. சோத்துக் கை," என்று வலது கையை எடுத்து முன்னால் விடுவேன். அவர் இடது கையோ சும்மா இருக்காது. கட்டிலிலிருந்து அவரை நான் தூக்கும்போது உள்ளங்கை கவிழ்ந்து என் மூக்குக்கு நேரே நீளும். கஞ்சி ஊட்டும்போது விரல்களைக் குவித்துக் குவித்து விரிக்கும். பொறுமை இல்லாமல் அதட்டுகிறார் என்று நினைத்தேன். நானும் அதட்டினேன். இரண்டு பேருக்கும் வேறு பேச்சு இல்லாததால் இந்தச் சண்டைதான் எங்கள் பேச்சாக இருந்தது.

அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், ராமநாதபுரம் பக்கத்தில் ஊரிலேயே இருந்தார். வாரா வாரம் போன் பண்ணுவார். ஒருமுறை ஸ்பீக்கரில் போட்டு இவர் காதருகே வைத்தேன். "தம்பி, தம்பி" என்று அந்தப் பக்கம் அழ, இந்தப் பக்கம் "ஆரியா, ஆரியா" என்று இவர் அழ, நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஏம்மா, புத்தியே போயிருச்சா?" என்று அத்தான் கேட்டார்.

"இல்ல அத்தான். புரியுதுன்னுதான் சொல்றாக."

"யாரு சொல்றாக? உனக்குப் புரியுதுன்னு தெரியுதா?"

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவருக்கு எல்லாம் மனசிலாகிறது, சொல்லத்தான் முடியவில்லை என்று மலையாளிப் பெண் சொல்லுவாள். ஆனால் நான் சிரிக்கச் சிரிக்கப் பேசும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாளும் உண்டு. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒரு கதவை எவ்வளவு நேரம் தட்டுவது.

அத்தான் முடிவாகச் சொன்னார். "அடுத்த கப்பல்ல நான் வாறேன். தம்பியக் கூட்டிட்டுப் போயிருறேன். இங்க வீடு நெறைய ஆளு இருக்கு, மாத்தி மாத்திப் பாத்துக்கிருவோம். நீ ஒத்தையில வேலைக்கும் போயி அவனையும் பாத்து எத்தன நாளைக்கும்மா? நீ வேலைய விட முடியாது. லீவு கெடைக்கும்போது வந்து பாத்துக்க."

அவர் சொன்னதில் ஒரு சொல் கூடத் தவறில்லை. எனக்கு லீவு தீர்ந்திருந்தது. நான் பள்ளிக்கூடம் போனால் வங்காளி அக்காதான் ஏறி இறங்கி எட்டிப் பார்த்தாள். எத்தனை நாளைக்குப் பார்ப்பாள், அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. சரி அத்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, அவரைக் கேட்காமல் சொல்கிறோமே என்று நினைத்தேன். கேட்டால் ஆரியா என்பார். கேட்டு என்ன ஆகப்போகிறது.

அத்தான் வர இருந்த வாரத்தில் ஒரு நாள். காலையில் அவருக்குக் கஞ்சி புரையேறி, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் இருமினார். இருமலுக்கு நடுவிலும் அந்த இடது கை விரல்கள் குவிந்து விரிந்துகொண்டிருந்தன. நான் அதைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு ஃபெர்ரிக்கு ஓடினேன்.

அன்று சாத்தம் ஜெட்டியிலேயே ஒரு சரக்குக் கப்பல் கட்டியிருந்தது. ஃபெர்ரி அதன் ஓரமாகத் திரும்பியபோது மேல்தளத்தில் ஒரு சிக்னல்காரர் நிற்பது தெரிந்தது. எத்தனையோ வருஷமாகத் தினமும் கடந்து போகிற காட்சி. கல்யாணமான புதிதில் இவர் நிற்கிறாரா என்று பார்ப்பேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன். அன்று ஏனோ பார்த்தேன். கிரேனில் சிமென்ட் மூட்டைக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் கையை முன்னால் நீட்டி விரல்களைக் குவித்துக் குவித்து விரித்தார். கட்டு மெல்ல, மெல்ல, அங்குலம் அங்குலமாகக் கீழே வந்தது. பிறகு அவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கையைக் குறுக்கே நீட்டினார். கட்டு அப்படியே நின்றது.

மெதுவாக, மெதுவாக என்றுதான் என் வீட்டுக்காரர் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்து என்றுதான் என் மூக்குக்கு நேரே கையை நீட்டிக்கொண்டிருந்தார். வாய் போன மனுஷர் தனக்குத் தெரிந்த தொழில் பாஷையில் காலையும் மாலையும் என்னிடம் பேசியிருக்கிறார், நான் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

பாம்பூஃப்ளாட்டில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. டிக்கெட் பையன் பார்த்துவிட்டு, "மேடம், உதர்னா நஹீ ஹை?" என்று, இறங்கவில்லையா எனக் கேட்டான். வாப்பஸ் போகிறேன் என்று சொல்லி அதே ஃபெர்ரியில் திரும்பினேன். கரை வரும் வரை உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நேரம் கெட்ட நேரத்தில் என்னைக் கண்டதும் பயந்துவிட்டார். நான் போர்வையை விலக்கி அவர் இடது கையை வெளியே எடுத்து வைத்தேன். கட்டிலுக்கு எதிரே நேராக நின்றேன்.

"நான்தான் கிரேன். நீங்க சிக்னல் குடுங்க," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஆட்காட்டி விரல் மேலே நிமிர்ந்து சுழன்றது. வாய் மட்டும், "ஆரியா," என்றது. வாயை விட்டுவிட்டு நான் கையைப் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கினேன். விரல்கள் குவிந்தன, மெதுவாக்கினேன். என் கை பழக்கத்தில் அவர் வலது தோள்பட்டைப் பக்கம் போனது. உடனே உள்ளங்கை கவிழ்ந்தது. நின்றுவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, வலு இல்லாத அந்தக் கையைப் பிடித்து நான் தினமும் தூக்கியதில் தோள் மூட்டு இறங்கி வலித்திருக்கிறது. கையை மாற்றி இடுப்பில் பிடித்தேன். மறுபடி விரல் சுழன்றது. வலியில் முகம் சுளிக்காமல் அவர் உட்கார்ந்தது அன்றுதான்.

உட்கார்ந்ததும் சிரித்தார், அதே அரைச் சிரிப்பு. நான் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அன்று அந்த எரிச்சலை நானே சம்பாதித்துக்கொண்டேன். உள்ளே ஆள் இருந்தார். முழுசாக இருந்தார்.

சாயங்காலம் அவருடன் பல வருஷம் வேலை பார்த்த தெலுங்குக் கிரேன்காரர் பார்க்க வந்தார். நான் டீயைக் கையில் கொடுத்து, எல்லாச் சைகையும் எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். "பாபி, ஜெட்டியில நௌகரி வேணுமா?" என்று, அண்ணிக்கு வேலை தேடுவது போலக் கிண்டல் பண்ணிக்கொண்டே கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவர் காட்ட, அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் இடது கையால் காட்ட, எனக்கு வகுப்பு நடந்தது. நான் தப்பாகச் செய்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசியாகக் கிரேன்காரர் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்துக் காட்டினார். ஷிஃப்ட் முடியும்போதோ மழை அடித்து வரும்போதோ காட்டுவது. எது எங்கே இருக்கிறதோ அங்கேயே கட்டிப் போடு, எதையும் நகர்த்தாதே என்று அர்த்தம். அதற்கு இரண்டு கை வேண்டும். என் வீட்டுக்காரர் அதை மட்டும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வந்த மலையாளிப் பெண்ணுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் துள்ளாத குறை. "பயிற்சிக்கு வலது கை டீச்சரே, வர்த்தமானம் பேசறதுக்கு எந்தக் கையானாலும் சரி. கையால சொல்லும்போது அந்த வாக்கையும் நீங்க கூடவே சொல்லுங்க. கேட்டுக் கேட்டு, ஒரு நாள் வாயும் கூட வரும்," என்றாள். நேராக உட்கார வைத்து, கெட்டியான கஞ்சியை அரைக் கரண்டியாக, அவர் விரல் குவிந்தால் நிறுத்தி நிறுத்திக் கொடுத்தேன். புரையேறவில்லை.

ஆனால் ஊருக்குப் போகிறீர்களா என்று மட்டும் நான் கேட்கவில்லை. இப்போது கேட்டால் பதில் வரும். அதுதான் பயமாக இருந்தது. ஊரில் அண்ணன் இருக்கிறார், அண்ணி இருக்கிறார், தூக்கி உட்கார வைக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே நான் ஒருத்தி, அதுவும் பாதி நாள் கடலுக்கு அந்தப் பக்கம். போகிறேன் என்று அவர் விரல் காட்டினால் நான் என்ன சொல்வேன்.

கப்பல் வந்தது. அத்தான் தோளில் பையோடு படியேறி வந்தார். கப்பல் ஆட்டம் இன்னும் காலில் இருந்தது. தம்பியைப் பார்த்ததும் பையைக் கூட இறக்காமல் கட்டிலருகே போய் நின்று, "என்னப்பா இப்பிடி ஆயிட்ட," என்று அழுதார். பிறகு, காது கேளாதவரிடம் பேசுவது போலச் சத்தமாக, "ஊருக்குப் போவமா? ஊருக்கு? எந்திரி," என்று அவர் வலது கையைப் பிடித்து இழுத்தார்.

இடது கை குறுக்கே நீண்டது, உள்ளங்கை கவிழ்ந்து.

"அத்தான், கைய விடுங்க. நிறுத்தச் சொல்றாரு. அந்தத் தோளு வலிக்கும்," என்றேன்.

அத்தான் கையை விட்டார். நீண்டிருந்த கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்றானா?" என்றார்.

"எல்லாம் சொல்றாரு. என்னக் கேக்காதீங்க. அவரையே கேளுங்க."

அத்தான் தம்பி முகத்துக்கு நேரே குனிந்தார். இந்த முறை சத்தத்தைக் குறைத்து, தம்பியிடம் பேசுகிற குரலிலேயே கேட்டார். "அண்ணங்கூட ஊருக்கு வர்றியாப்பா? இல்ல இங்கயே இருக்கியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேட்கச் சொன்னவள் நான்தான், பார்க்கத்தான் முடியவில்லை. மறுபடி திரும்பியபோது அவர் இடது கை, படுக்கையில் கிடந்த வலது கையைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டிருந்தது. மடிக்குக் கொண்டுவந்தது. சுருண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அதற்குள் தன் விரல்களைக் கோத்தது. கோத்த இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றான்?" என்று அத்தான் கேட்டார்.

"எது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்னு சொல்றாரு, அத்தான்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றார். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கக் கூடாத இடத்தில் நிற்பவர் மாதிரி, பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். அப்போது என் வீட்டுக்காரர் கோத்த கையைப் பிரித்து, அண்ணன் தோளில் தொங்கிய பையைக் காட்டி, விரலைக் கீழே பார்த்துச் சுழற்றினார்.

"ஆரியா," என்றார்.

அத்தனை நாளில் அன்றுதான் அந்தச் சொல் தன் சொந்த அர்த்தத்தில் வந்தது. நான் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தான் பையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, தம்பி பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.